கொத்திவிட்ட சுவரும் இடுப்பு மூட்டும்

எலும்பு, மூட்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் இடுப்பு மூட்டு மாற்று பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘கோட்டிங்’, அதாவது மாற்று மூட்டின் மேல் பூசும் பூச்சு, என்ற சொல் இருந்தது. அதனால் முழங்கால், முதுகுவலிக் கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம். என் இடது இடுப்பிலும் ஆறு வருடமாக அந்தச் சாமான் இருப்பதால் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுவேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 76. ஓய்வு பெற்ற ஆசிரியை. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், பாத்ரூமுக்குக் கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார். தனியார் மருத்துவமனையில் மூன்று விலை சொன்னார்கள். சிமென்ட் வைத்துப் பொருத்துவது குறைவு. சிமென்ட் இல்லாமல், எலும்புச் சத்துப் பூச்சு பூசியது அதற்கு மேல். ‘இம்போர்ட்டட் போரஸ்’ என்று ஒன்று எல்லாவற்றையும் விட அதிகம். அம்மாவுக்குக் குறை வைக்கக் கூடாது என்று அண்ணன் நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். பூச்சு இருந்தால்தான் எலும்பு நன்றாக இருக்குமா டாக்டர்?
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும் அம்மா.

என் அப்பா கொத்தனார். திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெருப் பக்கம் பல வீடுகளில் அவர் கைப் பூச்சு இருந்தது. பழைய சுவரில் புதிதாகப் பூசுவதற்கு முன்னால் ஆள் விட்டு சுவர் முழுக்கக் கொத்தச் சொல்வார். லீவு நாளில் அந்த ஆள் நான்தான். வழுவழுப்பான தூணில் அப்படியே சாந்து அடித்தால் காய்ந்ததும் பாளம் பாளமாக வந்துவிடும். கொத்திவிட்ட இடத்தில்தான் பிடிப்பு. பூசி முடித்த பிறகு பத்து நாள் தண்ணீர் காட்ட வேண்டும், அதுவரை அந்தச் சுவரில் ஒரு ஆணி அடிக்க விட மாட்டார். இடுப்பு மூட்டுப் பூச்சில் இருக்கிற விஷயம் முக்கால்வாசி இதுதான்.

மாற்று மூட்டு என்பது தொடை எலும்புக்குள் இறங்கும் ‘ஸ்டெம்’ என்ற உலோகத் தண்டு, அதன் தலையில் ஒரு பந்து, அந்தப் பந்து உட்கார இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம். இதை எலும்பில் நிறுத்த இரண்டு வழி. முதல் வழி சிமென்ட். இங்கிலாந்தில் சார்ன்லி என்ற மருத்துவர் 1962-இல் நிலைநிறுத்திய முறை. பல் மருத்துவர்கள் பல்செட் செய்யப் பயன்படுத்திய அக்ரிலிக் வகையையே அவர் எலும்புக்குள் வைத்தார். அது பசை இல்லை. இடைவெளியை நிரப்பி இறுகும் பொருள், அவ்வளவுதான். கால் மணி நேரத்துக்குள் கெட்டிப்பட்டுவிடும். அம்மாவின் எலும்பு வளர்ந்து வந்து பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமே அங்கே கிடையாது.

இரண்டாவது வழி சிமென்ட் இல்லாதது. இதில் எலும்பே வளர்ந்து உலோகத்தைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கும் என்பது தற்செயலாகத் தெரிந்த சங்கதி. 1952-இல் ஸ்வீடனில் பிரோனமார்க் என்பவர் முயல் கால் எலும்புக்குள் டைட்டானியத்தில் சின்னக் கருவி ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு கெட்டியாகப் பிடித்திருந்தது. இன்றைக்குப் பல் இம்ப்ளான்ட் முதல் இடுப்பு மூட்டு வரை அந்த முயல் போட்ட பாதைதான்.

ஆனால் வழுவழுப்பான டைட்டானியத்தைவிடச் சொரசொரப்பான டைட்டானியத்தில் பிடிப்பு அதிகம். அதனால் மணல் வீசிச் சொரசொரப்பாக்குகிறார்கள், அல்லது மேலே துளைகள் உள்ள ஓர் அடுக்கை ஏற்றுகிறார்கள். சுமார் 100 முதல் 400 மைக்ரான் வரை துளை இருந்தால் எலும்பு உள்ளே நுழைந்து வளரும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். இதுதான் உங்களிடம் சொன்ன ‘போரஸ்’.

எலும்புச் சத்துப் பூச்சு என்று சொன்னது ஹைட்ராக்ஸி அபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. நம் எலும்பின் தாதுவும் கிட்டத்தட்ட அதேதான். 10,000 டிகிரியைத் தாண்டும் பிளாஸ்மா சுடரில் அந்தப் பொடியை உருக்கி உலோகத்தின் மேல் தெளிக்கிறார்கள். இரண்டு முடித் தடிமன்தான் இருக்கும். எலும்புச் செல்கள் அதைப் பார்த்து ‘நம்ம ஊர் ஆளாச்சே’ என்று சீக்கிரம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஸ்டெம்முக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால்கூட எலும்பு அதைத் தாண்டி வந்து சேர இந்தப் பூச்சு உதவும். 1985, 86 வாக்கில் ஐரோப்பாவில் மனிதர்களுக்குப் பொருத்தத் தொடங்கினார்கள். நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் பூச்சு இருந்தால் பல வருடம் கூடுதலாக உழைக்கும் என்று யாராவது சொன்னால் அது விற்பனைப் பேச்சு. ஸ்வீடன்காரர்கள் 1979-இலிருந்து இடுப்பு மூட்டுகளுக்குப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதில் கிண்ணத்தை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, இந்தப் பூச்சு பூசியதால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. வேகமாகப் பிடிப்பது வேறு, நெடுநாள் உழைப்பது வேறு.

இன்னொரு விஷயம். சிமென்ட் இல்லாத ஸ்டெம்மை எலும்புக் குழாய்க்குள் இறுக்கமாக அடித்து இறக்க வேண்டும். முதல் நாளே ஆடாமல் நின்றால்தான் பிறகு எலும்பு பிடிக்கும். அம்மா வயதில், அதுவும் பெண்களுக்கு, எலும்பு மெலிந்திருந்தால் அந்த அடியிலோ அதற்கடுத்த வாரங்களிலோ விரிசல் விழ வாய்ப்பு உண்டு. வயதானவர்களுக்கு ஸ்டெம்மைச் சுற்றி எலும்பு முறிவது சிமென்ட் வைத்தவர்களிடம் குறைவு என்று பல நாட்டுப் பதிவேடுகள் சொல்கின்றன. எனவே 76 வயதில் மலிவானதுதான் பெரும்பாலும் பொருத்தமானது. எங்கள் தொழிலில் இப்படி அமைவது அபூர்வம், அனுபவித்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தை மட்டும் சிமென்ட் இல்லாமல் பொருத்துவதாகச் சொன்னால் மறுக்க வேண்டாம், அந்தக் கலப்பு முறையும் வழக்கத்தில் உள்ளதுதான்.

மூன்றாவதாகச் சொன்ன விலை உயர்ந்த போரஸ் வகை, உதாரணமாக நுரைக்கல் மாதிரி முக்கால் பங்குக்கு மேல் துளையாகவே இருக்கும் டாண்டலம் என்ற உலோகம், பழைய மூட்டைக் கழற்றி மறுபடி வைக்கும்போது எலும்பு பெரிய அளவில் போயிருந்தால் அருமையாகக் கைகொடுக்கும். முதல் முறை செய்யும் அம்மாவுக்கு அதன் தேவை என்ன என்று மருத்துவரிடமே கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் பதில் சொல்வார். மிச்சமாகும் பணத்தில் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா பரிசோதனை, வைட்டமின் டி பரிசோதனை, பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

கேள்வி: வயது 44. படகு இன்ஜின் மெக்கானிக். ஏவிஎன் (ரத்த ஓட்டம் இல்லாமல் எலும்பு செத்துப்போவது) என்று சொல்லி இரண்டு வருடத்துக்கு முன் இடது இடுப்பை மாற்றினார்கள். சிமென்ட் இல்லாதது. வலி இல்லை, வேலைக்குப் போகிறேன். போன மாத எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ‘ஸ்ட்ரெஸ் ஷீல்டிங்’ என்று எழுதியிருக்கிறது. தொடை எலும்பின் மேல்பகுதி மெலிந்துவிட்டதாம். பூச்சு என் எலும்பை அரிக்கிறதா ஐயா? தூக்கமே வரவில்லை.
வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: அரிக்கவில்லை தம்பி. தூங்குங்கள்.

எலும்பு சோம்பேறி இல்லை, ஆனால் கணக்குப் பிள்ளை. வேலை இருக்கிற இடத்தில் சரக்கைச் சேர்க்கும், வேலை இல்லாத இடத்திலிருந்து எடுத்துவிடும். இதை ஜெர்மனியில் வோல்ஃப் என்ற மருத்துவர் 1892-இலேயே எழுதி வைத்துவிட்டார்.

துறைமுகத்தில் ஐஸ் பெட்டியை இரண்டு பேர் தூக்குகிறார்கள். ஒருவன் கட்டுமஸ்தான ஆள், இன்னொருவன் ஒல்லி. பலசாலி பாரத்தை எல்லாம் தன் பக்கம் வாங்கிக்கொண்டால் ஒல்லி சும்மா கையை வைத்துக்கொண்டு நடப்பான். கொஞ்ச நாளில் அவன் கையில் இருந்த தெம்பும் போய்விடும். உங்கள் தொடைக்குள் நடப்பது அதுதான். டைட்டானியக் கலவை எலும்பைவிட ஏறக்குறைய 5, 6 மடங்கு விறைப்பு. கோபால்ட் குரோமியம் என்றால் 10 மடங்குக்கும் மேல். முன்பெல்லாம் உடம்பின் பாரம் இடுப்புப் பந்து வழியாக வந்து தொடை எலும்பின் மேல்பகுதியில் உட்காரும். இப்போது ஸ்டெம் அதை வாங்கிக் கீழே கொண்டுபோய் இறக்குகிறது. மேலே இருக்கிற எலும்புக்கு வேலை குறைந்துவிட்டது, அதனால் மெலிகிறது.

பூச்சுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் நீங்கள் பயப்படுகிற விதத்தில் இல்லை. எலும்பு எந்த இடத்தில் உலோகத்தைப் பிடிக்கிறதோ அந்த இடத்தில்தான் பாரம் கைமாறும். பூச்சு எதனால் செய்தது என்பதைவிட எதுவரை பூசியிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பழைய காலத்து கோபால்ட் குரோமியம் ஸ்டெம்களில் நுனி வரை துளை அடுக்கு ஏற்றியிருப்பார்கள். எலும்பு கீழே நுனியருகே இறுகப் பிடித்துக்கொள்ளும், மேல்பகுதி நன்றாக இளைத்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் பல வடிவங்களில் மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பூசி, கீழ்ப்பகுதியை வழவழப்பாக விட ஆரம்பித்தார்கள். மேலே பிடித்தால் பாரமும் மேலேயே இறங்கும், எலும்புக்கும் வேலை கிடைக்கும். நுனி வரை ஹைட்ராக்ஸி அபடைட் பூசிய டைட்டானிய ஸ்டெம்களும் பல்லாண்டு நன்றாக உழைப்பதை இங்கே சொல்லாவிட்டால் அநியாயம். ஸ்டெம்மின் உலோகம், கனம், வடிவம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு.

மெலிவு பெரும்பாலும் முதல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் நடந்து, பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும். என் எக்ஸ்ரேயிலும் அதே இடத்தில், தொடை எலும்புக் கழுத்தின் உள்பக்கம், விளிம்பு மழுங்கியிருக்கிறது. முதல் முறை பார்த்தபோது எனக்கும் வயிற்றில் புளி கரைத்தது. முப்பது வருடம் மற்றவர்களுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று சொன்ன ஆள் நான்! மறு வருடப் படத்திலும் அதே அளவு. அதற்கடுத்த வருடமும் அதே.

நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. உட்கார்ந்து எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது நடுத்தொடையில் வலி. அந்தக் கால் குட்டையாகிற மாதிரி உணர்வு. படத்தில் ஸ்டெம்மைச் சுற்றிக் கறுப்புக் கோடு வருடா வருடம் அகலமாவது. எலி கடித்த மாதிரி எலும்பில் குழிகள் தெரிவது. இந்தக் கடைசிச் சங்கதி மெலிவு இல்லை, கிண்ணத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனர் தேய்ந்து விழும் தூளால் வருவது. அந்தத் தூளை விழுங்கும் செல்கள் கிளர்ந்தெழுந்து, பக்கத்து எலும்பைக் கரைக்க ஆள் அனுப்பிவிடும். சார்ன்லி முதலில் டெஃப்லானில் கிண்ணம் செய்து இதே வினையில்தான் மாட்டினார். காரணம் தெரிய வேண்டும் என்று டெஃப்லான் தூளைத் தன் தொடையிலேயே ஏற்றிப் பார்த்த மனுஷர் அவர். 1990-களின் கடைசியிலிருந்து வந்த, கதிர்வீச்சில் இறுக்கிய பிளாஸ்டிக்கில் தேய்மானம் மிகவும் குறைவு. எலும்பு நலத்துக்கு இந்த ஒரு மாற்றம் செய்த நன்மையை எந்தக் கோட்டிங்கும் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம்.

வருடம் ஒரு முறை எக்ஸ்ரே எடுங்கள். பழைய படத்தையும் கூடவே கொண்டு போங்கள், ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் சொல்ல முடியாது. நடங்கள். இன்ஜினைத் தனியாகத் தூக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று, கோபப்படக் கூடாது. 44 வயதில் ஏவிஎன் வரக் காரணங்களில் முதல் வரிசையில் நிற்பவை இரண்டு: ஸ்டீராய்டு, குடி. புதுச்சேரி எல்லையில் முள்ளோடையைத் தாண்டினால் சரக்கு விலை குறைவு என்பது எனக்கும் தெரியும். வலது இடுப்பு இன்னும் உங்களுடையதுதானே? அதற்கு ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: எனக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி 9-க்கு மேல் இருக்கிறது. வெள்ளிப் பூச்சு பூசிய மூட்டு வைத்தால் சீழ் பிடிக்காது என்று சம்பந்தி சொல்கிறார். புதுச்சேரியில் கிடைக்குமா?
வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சம்பந்தி சொன்னதில் பாதி உண்மை. வெள்ளி கிருமியை அடக்கும். எலும்புப் புற்றுநோய்க்காகப் பெரிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வைக்கும் நீள மூட்டுகளில் வெள்ளிப் பூச்சு பயன்படுகிறது. உங்களைப் போலத் தேய்மானத்துக்குச் செய்யும் சாதாரண மாற்றில் அது வழக்கம் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, புது மூட்டின் மேற்பரப்பில் நடப்பதும் அந்தப் போட்டிதான். உங்கள் செல் முதலில் துண்டு போட்டால் எலும்பு உட்காரும். கிருமி முந்திக்கொண்டால் வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு மாத்திரை, ஊசி எதுவும் அதை முழுதாக எழுப்பாது. சர்க்கரை அதிகமாக இருந்தால் உங்கள் ஆட்கள் நொண்டிக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான் விஷயம். 9-ஐ முதலில் 7.5 பக்கம் கொண்டு வாருங்கள். சொத்தைப் பல், காலில் ஆறாத புண், சிறுநீர்த் தொற்று இருந்தால் சரிசெய்யுங்கள். மூன்று, நாலு மாதம் தள்ளிப்போனால் மூட்டு ஒன்றும் ஓடிப்போகாது.

கேள்வி: அந்தக் கால்சியப் பூச்சு நாளடைவில் கரைந்துவிடும் என்று படித்தேன். கரைந்தால் மூட்டு கழன்றுவிடாதா?
கல்லூரி மாணவி, நெல்லிக்குப்பம்

பதில்: நல்ல கேள்வி. ஆமாம், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எலும்பைப் புதுப்பிக்கும் செல்கள் அதையும் எலும்பு என்று நினைத்துக் கரைத்து, அங்கே நிஜ எலும்பைக் கட்டும். பூச்சு போன இடத்தில் எலும்பு நேராக உலோகத்தைத் தொட்டு நிற்கும். அதனால்தான் அடியில் இருக்கும் உலோகமும் சொரசொரப்பாக இருப்பது நல்லது. வழவழப்பான உலோகத்தின் மேல் தடிமனாகப் பூசிய சில பழைய வகைக் கிண்ணங்களில் பூச்சு போன பிறகு பிடிப்பும் போனது உண்டு. கொத்தாத சுவர்தான், வேறென்ன.

கேள்வி: கடலோரத்தில் வீடு. எங்கள் ஜன்னல் கம்பி மூன்று வருடத்தில் துருப்பிடித்து உதிர்கிறது. உடம்புக்குள் இருக்கும் உலோகம் துருப்பிடிக்காதா?
வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: உப்புக் காற்று உங்கள் இடுப்புக்குள் வராது, ஆனால் ரத்தத்திலும் உப்பு இருக்கிறதே, அதனால் கேள்வி நியாயமானதுதான். டைட்டானியத்தின் மேல் காற்றுப் பட்ட கணமே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று தானாகப் படர்ந்துவிடும். கீறினாலும் மறுபடி மூடிக்கொள்ளும். எலும்பு உண்மையில் தொடுவது அந்தப் படலத்தைத்தான். பந்தும் ஸ்டெம்மும் செருகும் இணைப்பில் மட்டும் உலோகம் உலோகத்தோடு உரசிச் சிலருக்கு அரிப்பு வரலாம், பந்து கோபால்ட் குரோமியமாக இருந்தால் கூடுதலாக. செராமிக் பந்தில் அது குறைவு.

கேள்வி: ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு சீக்கிரம் ஒட்டுமா? மாமியார் தினமும் வைத்துத் தருகிறார்.
வாசகி, பண்ருட்டி

பதில்: தருகிறவர் மனசுக்காகக் குடியுங்கள். அதில் கால்சியம் நாம் நினைக்கிற அளவு இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் நல்லது. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அந்தப் புகை எலும்பு பிடிப்பதற்கு எதிரி. முக்கியமாக, சிமென்ட் இல்லாத மூட்டு என்றால் மருத்துவர் சொன்ன வாரம் வரை வாக்கரை விடாதீர்கள். உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே அசைவு 150 மைக்ரானைத் தாண்டினால் அங்கே எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். இரண்டு முடித் தடிமன் அசைவு! இதைத்தான் அப்பா ஆணி அடிக்க விடாமல் காவல் காத்தார்.

கேள்வி: 2013-இல் என் கணவருக்குச் செய்தது. என்ன கம்பெனி, என்ன பூச்சு, எதுவும் தெரியாது. இப்போது மறுபடி செய்ய வேண்டும் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகி, வில்லியனூர்

பதில்: செய்த இடத்தில் ஆபரேஷன் தியேட்டர் பதிவேட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டியிலும் அளவு, வகை, லாட் எண் அச்சடித்த ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றை நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டுவது வழக்கம். அது கிடைக்காவிட்டால் பழைய எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டெம்மின் வடிவத்தை வைத்து அனுபவமுள்ள மருத்துவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். கழற்றும் கருவி வகைக்கு வகை மாறும் என்பதால் இது அவசியம்.

என் கதையையும் கேளுங்கள். எனக்குச் செய்த மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘இம்ப்ளான்ட் - 1’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். எலும்பு டாக்டருக்கே இந்த நிலை. ரெக்கார்டு ரூமுக்கு மூன்று தடவை நடந்தேன், அதுவும் வாக்கரோடு. நாலாவது தடவை அங்கிருந்த அம்மா ஒருவர் இரக்கப்பட்டு, பதிவேட்டைத் தேடி எடுத்து, ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். டைட்டானியம், மேல்பாதி மட்டும் ஹைட்ராக்ஸி அபடைட், 13-ஆம் அளவு. ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரிக்கும் இடம் தெரியும்.